மாத்திரை விடியும்வரை நிற்கிறதா? 24 மணி நேர ரத்த அழுத்தப் பதிவு பற்றி

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் மஞ்சளும் வாழையும் வைத்திருக்கும் 61 வயது அப்பாவைப் பற்றி மகன் கேட்டிருக்கிறார். நான்கு ஆண்டுகளாக ரத்தக்கொதிப்பு. லோசார்டன் 50 மி.கி., ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினமும் காலை ஏழு மணிக்கு. ஈரோட்டில் மருத்துவரிடம் போகும்போதெல்லாம் 126/78, 130/80 என்றுதான் வருகிறது. ஆனால் அண்மையில் எடுத்த எக்கோ (இதய ஸ்கேன்) பரிசோதனையில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது. சிறுநீரில் கொஞ்சம் புரதமும் தெரிகிறது. மருத்துவர் மருந்தை உடனே மாற்றவில்லை. 24 மணி நேரம் கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை மாட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். மகன் கேட்பது மூன்று: பி.பி. கட்டுக்குள்தானே இருக்கிறது, இது வீண் செலவா? கருவி மாட்டும் நாளில் மாத்திரையை நிறுத்த வேண்டுமா? இரவில் மாத்திரை போடுவதுதான் நல்லது என்கிறார்களே, அப்படி மாற்றிவிட்டால் போதாதா?

முதலில் சுருக்கமான பதில். வீண் செலவு இல்லை. உங்கள் மருத்துவர் சந்தேகப்பட வேண்டிய இடத்தில்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். மாத்திரையை நிறுத்தவே கூடாது. வழக்கமான மாத்திரை, வழக்கமான நேரம். இரவுக்கு மாற்றுவதைப் பதிவைப் பார்த்த பிறகு மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள், அதற்கு முன் நீங்களாக மாற்ற வேண்டாம். நான் பொது மருத்துவம் பார்ப்பவன். அப்பாவை நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது. அந்தக் கருவி எதைக் காட்டும், அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

அப்பா மருத்துவரைப் பார்க்கும் நாளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஏழு மணிக்கு மாத்திரை. எட்டரைக்கு பஸ். பத்து மணிக்கு டோக்கன். பதினொரு மணிக்குக் கையில் பட்டை சுற்றுகிறார்கள். லோசார்டன் வயிற்றுக்குள் போனதும் கல்லீரலில் இன்னொரு பொருளாக மாறுகிறது. பெரும்பாலான வேலையைச் செய்வது அந்தப் பொருள்தான். அது ரத்தத்தில் உச்சத்துக்கு வருவது மாத்திரை போட்ட மூன்று, நான்கு மணி நேரத்தில். அதாவது, சரியாக மருத்துவர் அளக்கும் நேரத்தில். நான்கு ஆண்டுகளில் எத்தனை முறை அளந்திருந்தாலும், ஒரு நாளின் அதே ஒரு மணி நேரத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். மீதி இருபத்து மூன்று மணி நேரத்தைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. எக்கோவுக்கும் சிறுநீருக்கும் மட்டும் தெரிந்திருக்கிறது.

கீழ்பவானி பாசனத்தில் நிலம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பவானிசாகரில் மதகைத் திறந்த இடத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் எப்போதும் புரண்டுதான் ஓடும். கடைமடையில் இருப்பவரைக் கேட்டால்தான் தண்ணீர் போதுமா, போதாதா என்பது தெரியும். பி.பி. மாத்திரைக்குக் கடைமடை என்பது அடுத்த மாத்திரை போடுவதற்கு முந்தைய சில மணி நேரம். காலையில் போடுகிறவருக்கு அது விடியற்காலை. மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருவது காலை நேரத்தில் என்பதால் அந்த மணி நேரங்களைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது.

மாத்திரைக்கு மாத்திரை இதில் பெரிய வேறுபாடு உண்டு. ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தைப் பாருங்கள். லோசார்டனுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அதிலிருந்து உருவாகும் பொருளுக்கு ஆறு முதல் ஒன்பது மணி நேரம். மற்ற பி.பி. மருந்துகளில் அட்டெனலாலுக்கு ஆறேழு மணி நேரம். டெல்மிசார்டனுக்குச் சுமார் 24. அம்லோடிபினுக்கு 30 முதல் 50. குளோர்தாலிடோனுக்கு 40 முதல் 60. ரத்தத்தில் மருந்து குறைந்தவுடனே அழுத்தம் ஏறிவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. விளைவு மருந்தைவிடக் கொஞ்சம் நீடித்து நிற்கும். ஆனாலும் 'தினம் ஒன்று' என்று எழுதப்படும் எல்லா மாத்திரைகளும் 24 மணி நேரமும் ஒரே பலத்தோடு நிற்பதில்லை. மருந்துகளுக்கு அனுமதி தரும் அமைப்புகளுக்கு இது பழைய கவலை. ஒரு நாளைக்கு ஒருமுறை என்று விற்க வேண்டுமானால், உச்சத்தில் குறைக்கும் அளவில் பாதியாவது அடுத்த மாத்திரைக்கு முன்பும் மிச்சம் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1980களிலேயே எழுதி வைத்தது.

மருத்துவமனை அளவுக்கும் வெளியே இருக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளியும் புதிய கண்டுபிடிப்பல்ல. 1960களில் சான்பிரான்சிஸ்கோவில் மாரிஸ் சோகோலோவும் அவருடைய குழுவினரும் நோயாளிகள் தூக்கிக்கொண்டு நடமாடக்கூடிய ஒரு கருவியைக் கொடுத்து அனுப்பினார்கள். பட்டையை நோயாளியே ஊதிக்கொள்ள வேண்டும். 1966இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான்: இதயமும் மற்ற உறுப்புகளும் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்பது, மருத்துவர் முன்னால் வரும் எண்ணைவிட வெளியே நடமாடும்போது வரும் எண்ணோடுதான் நன்றாக ஒத்துப்போகிறது. உங்கள் அப்பாவின் எக்கோ இன்று சொல்வதும் அதையேதான்.

மருந்தை மதிப்பிட இந்தப் பதிவு ஏன் தேவை என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தில்லி எய்ம்ஸும் பிற நிறுவனங்களும் சேர்ந்து இந்தியாவில் 32 மருத்துவமனைகளில் 1,981 பேரிடம் நடத்திய டாப்ஸ்பின் ஆய்வு 2024இல் வெளியானது. அம்லோடிபின், பெரிண்டோபிரில், இண்டபமைடு ஆகிய மூன்றில் இரண்டிரண்டாகச் சேர்த்த மாத்திரைகளை ஒப்பிட்டார்கள். மூன்று கூட்டணிகளும் ஏறத்தாழச் சமமாகவே வேலை செய்தன. எனக்குச் சுவையாகப்பட்டது வேறு. ஆறு மாதத்தில் மருத்துவமனை அளவு சுமார் 30/14 குறைந்தது. அதே மனிதர்களின் 24 மணி நேரச் சராசரி குறைந்தது சுமார் 14/8 தான். மேல் அளவில் பாதி எங்கே போனது? மருத்துவமனையில் முதல்முறை அளக்கும்போது பதற்றத்தில் எகிறியிருந்தது, பழகப் பழகத் தானாக இறங்கியது. அளவு அதிகமாக இருந்த நாளில்தான் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள், அடுத்த முறை அது இயல்பாகவே இறங்கியிருக்கும். இவையெல்லாம் மருந்தின் கணக்கில் சேர்ந்துவிட்டன. 24 மணி நேரப் பதிவில் இந்தக் கலப்படம் மிகக் குறைவு. வெற்று மாத்திரை கொடுத்தால் அதன் சராசரி அவ்வளவாக அசைவதில்லை. மருந்து ஆய்வாளர்கள் இதை விரும்புவதன் காரணம் இதுதான்.

மருந்து மட்டுமல்ல. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சுட்டு ரத்தக்கொதிப்பைக் குறைக்கும் சிகிச்சை ஒரு காலத்தில் ஆகா ஓகோ என்று பேசப்பட்டது. 2014இல் வெளியான சிம்ப்ளிசிட்டி 3 ஆய்வில் ஒரு பிரிவினருக்கு உண்மைச் சிகிச்சையும் இன்னொரு பிரிவினருக்குப் பாவனைச் சிகிச்சையும் செய்து 24 மணி நேரப் பதிவோடு பார்த்தபோது, இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிகிச்சை முறை பின்னர் மேம்பட்டு மீண்டும் வந்திருக்கிறது, அது வேறு கதை.

இனி கருவிக்கு வருவோம். இதை ஹோல்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹோல்டர் என்பது நெஞ்சில் ஒட்டி இதயத் துடிப்பைப் பதிவது. இது மேல்கையில் பட்டை, இடுப்பில் ஒரு சிறு பெட்டி, இடையில் ஒரு குழாய். பகலில் இருபது அல்லது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறையும், இரவில் அரை மணி முதல் ஒரு மணிக்கு ஒருமுறையும் தானாக ஊதி அளக்கும். மாட்டுவதற்கு முன் இரண்டு கைகளிலும் அளந்து பார்க்க வேண்டும். பெரிய வேறுபாடு இல்லை என்றால், அதிகம் புழங்காத கையில், பெரும்பாலும் இடது கையில், கட்டுவார்கள். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைத்த கையில் கட்டக் கூடாது. பட்டையின் அளவு மிக முக்கியம். மண்வெட்டி பிடித்து உரமேறிய கைக்குச் சாதாரணப் பட்டை சிறியதாக இருந்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். "பெரிய பட்டை இருக்கிறதா?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பட்டை ஊதும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: நடந்துகொண்டிருந்தால் நிற்க வேண்டும், கையைத் தளர்த்தி அசையாமல் தொங்கவிட வேண்டும், பேசக் கூடாது. முடிந்ததும் வேலையைத் தொடரலாம். அசைந்தால் கருவி அந்த அளவைத் தள்ளிவிட்டுச் சில நிமிடங்களில் மறுபடியும் ஊதும். பைக்கிலும் டிராக்டரிலும் உட்கார்ந்திருக்கும்போது வரும் அதிர்வு அளவைக் கெடுக்கும். பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் பட்டை ஊதும்போது தறியைவிட்டு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டால் நல்லது. நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்கள் யாராவது இதைப் படித்தால்: கருவி கையில் இருக்கும் நாளில் வண்டி ஓட்ட வேண்டாம். ஸ்டியரிங் பிடித்த கை திடீரென்று இறுகுவது அளவுக்கும் ஆகாது, சாலைக்கும் ஆகாது.

அதற்காக நாள் முழுக்கக் கட்டிலில் படுத்திருக்கவும் கூடாது. இதைத்தான் பலர் செய்கிறார்கள். கருவி மாட்டியிருக்கிறது என்று லீவு போட்டுவிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்து, மதியம் இரண்டு மணி நேரம் தூங்கி, மறுநாள் அழகான ஓர் அறிக்கையோடு வருகிறார்கள். அது அவர்களுடைய வாழ்க்கையின் அறிக்கை அல்ல. அப்பா தோட்டத்துக்குப் போகட்டும், ஆட்களிடம் பேசட்டும், வழக்கம்போல் சாப்பிடட்டும். மருந்து தெளிக்கும் டேங்கை முதுகில் தூக்குவது, குழி வெட்டுவது போன்ற கடும் வேலைகளை மட்டும் அன்று தவிர்க்கலாம். குளியலைக் கருவி மாட்டும் முன்பே முடித்துவிட வேண்டும். வீட்டில் கல்யாணம், சீர், பண்ணாரி குண்டத்துக்கான விரதம் என்று எதுவும் இல்லாத, சாதாரணமான ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு தாளில் நேரம் குறிக்க வேண்டும். மாத்திரை போட்ட நேரம், சாப்பாடு, டீ, மதியம் கண்ணயர்ந்த நேரம், இரவு படுத்தது, இடையில் எழுந்தது, காலையில் விழித்தது, மயக்கமோ படபடப்போ வந்திருந்தால் அது. இதைச் சடங்காக நினைக்க வேண்டாம், பாதி அறிக்கை இந்தத் தாளில்தான் இருக்கிறது. பல கருவிகளின் மென்பொருள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை தூக்கம் என்று தானாக வைத்துக்கொள்ளும். நடு இரவில் மோட்டார் போடவும் மடை திருப்பவும் எழுந்து போகிற விவசாயிக்கு அது பொருந்தாது. திருப்பூரில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவருக்குச் சுத்தமாகப் பொருந்தாது. அவருடைய வேலை நேர அழுத்தம் 'இரவு' என்ற தலைப்பின் கீழ் விழுந்து, இரவில் அழுத்தம் குறையாத நோயாளி என்று முத்திரை குத்திவிடும். தூங்கிய நேரத்தைச் சொன்னால் மென்பொருளில் திருத்திக்கொள்ளலாம். யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அறிக்கை வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது மிக உயர்ந்த எண்ணை. "காலை எட்டு நாற்பதுக்கு 178 வந்திருக்கிறதே!" அந்த நேரத்தில் அவர் வாழைத்தார் ஏற்ற ஆளைத் திட்டிக்கொண்டிருந்திருப்பார். தனி ஓர் எண்ணுக்கு இங்கே மதிப்பு குறைவு. முதலில் பார்க்க வேண்டியது, எடுக்க முயன்றவற்றில் எத்தனை தேறின என்பது. குறைந்தது 70 சதவீதம் தேற வேண்டும். விழித்திருந்த நேரத்தில் 20, தூங்கிய நேரத்தில் 7 அளவுகளாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மறுபடியும் மாட்டுவதே நேர்மை.

பிறகு சராசரிகள். ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி 24 மணி நேரச் சராசரி 130/80, விழித்திருக்கும் நேரம் 135/85, தூக்கத்தில் 120/70. இந்த அளவுகளைத் தொட்டாலோ தாண்டினாலோ உயர்வு. மருத்துவமனையில் பார்க்கும் 140/90 என்ற எல்லையை இங்கே கொண்டுவரக் கூடாது. அதைவிட இவை இறுக்கமானவை. பகலைவிடத் தூக்கத்தில் மேல் அளவு 10 முதல் 20 சதவீதம் இறங்குவது இயல்பு. இறங்காவிட்டால் கவலை. ஆனால் ஒரே ஓர் இரவை வைத்து முத்திரை குத்திவிட வேண்டாம். பட்டை ஊதி ஊதித் தூக்கம் கெட்டவருக்கும் அழுத்தம் இறங்காது. "இரவெல்லாம் விழித்திருந்தேன்" என்பதும் அந்தத் தாளில் வர வேண்டிய செய்தி. எத்தனை சதவீதம் இறங்கியது என்பதைவிடத் தூக்க நேரச் சராசரியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். ஸ்பெயினில் 59,124 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2023இல் வெளியிட்ட ஆய்விலும், உயிரிழப்பு அபாயத்தை மிகத் தெளிவாகக் காட்டிய எண் இரவு நேர மேல் அளவுதான்.

மருந்தை மதிப்பிடும்போது நான் இன்னொன்றும் செய்வேன். சராசரிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, ஒவ்வோர் அளவும் நேரத்தோடு அச்சிட்ட பக்கத்துக்குப் போவேன். மாத்திரை போட்ட நேரத்தில் ஒரு கோடு. அதற்கு முந்தைய மூன்று மணி நேரம் எப்படி இருக்கிறது, போட்ட பிறகு ஐந்தாறு மணி நேரம் எப்படி இருக்கிறது என்று தனித்தனியாகப் பார்ப்பேன். ஒரு மாதிரிக்கு, உங்கள் அப்பாவைப் போன்ற ஒருவரின் பதிவு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: பகல் 131/80, தூக்கம் 128/76, காலை நான்கு முதல் ஏழு வரை 148/88. பகல் எல்லைக்குள் இருக்கிறது. தூக்கத்தில் இறக்கம் இரண்டு சதவீதம்தான். விடியற்காலையில் மருந்து கைவிட்டுவிட்டது. மருத்துவமனையில் 126/78 என்று வந்த அதே மனிதர்.

இங்கே கைக்கு எளிதாக வரும் தவறான முடிவு, அதே மாத்திரையின் அளவைக் கூட்டுவது. கூட்டினால் பகல் பதினொரு மணி அளவு இன்னும் இறங்கும். வெயிலில் குனிந்து நிமிரும்போது கண் இருட்டும். விடியற்காலை அளவு கொஞ்சம்தான் அசையும். நீண்ட நேரம் நிற்கும் மருந்துக்கு மாற்றுவதோ, அத்தகைய ஒன்றைச் சேர்ப்பதோதான் பொருத்தம். சிறுநீரில் புரதம் இருப்பதால் லோசார்டன் இருக்கும் அந்த வகையையே விட்டுவிட மருத்துவர் விரும்பமாட்டார். அதே வகையில் டெல்மிசார்டன் போல நீடித்து நிற்பது இருக்கிறது. அம்லோடிபின் சேரலாம், கணுக்கால் வீங்கினால் சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

அப்பாவின் மாத்திரையில் சேர்ந்திருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற சிறுநீர் பிரிக்கும் மருந்து பற்றி ஒரு வார்த்தை. 24 மணி நேரப் பதிவுகளை மட்டும் திரட்டி 2011இல் செய்த தொகுப்பாய்வில், வழக்கமான 12.5 முதல் 25 மி.கி. அளவில் அது குறைத்தது சராசரியாக 6.5/4.5 மட்டுமே, மற்ற வகை மருந்துகளைவிடக் குறைவு. 2006இல் ஒரு சிறிய ஆய்வில், இதைப் போலவே சிறுநீர் பிரிக்கும் குளோர்தாலிடோன் 25 மி.கி., ஹைட்ரோகுளோரோதயசைடு 50 மி.கி.யோடு ஒப்பிடப்பட்டது. மருத்துவமனை அளவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரவு நேர மேல் அளவில் குளோர்தாலிடோன் 13.5 இறக்கியது, ஹைட்ரோகுளோரோதயசைடு 6.4. பகலில் மட்டும் அளந்திருந்தால் இரண்டும் ஒன்று என்றே முடிந்திருக்கும். உடனே மாற்றிக்கொள்ள ஓட வேண்டாம். 2022இல் வெளியான, பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் இரண்டு மருந்துகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை; குளோர்தாலிடோன் எடுத்தவர்களுக்குப் பொட்டாசியம் குறைவது மட்டும் கூடியது. ஆகவே இதை ஊருக்கே பொதுவான தீர்ப்பாக நான் சொல்லமாட்டேன். விடியற்காலைப் பக்கம் ஓட்டை தெரிகிற ஒருவருக்கு மட்டும் யோசிக்கலாம், ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்துக்கொண்டு.

பதிவு வேறு விதமாகவும் வரலாம். 24 மணி நேரமும் உயர்ந்தே இருந்தால், மருந்து போதவில்லை என்று முடிவு செய்வதற்கு முன் சில சங்கடமான கேள்விகள் கேட்க வேண்டும். மாத்திரை உண்மையிலேயே தினமும் உள்ளே போகிறதா? "பி.பி. சரியாகிவிட்டதே" என்று வாரத்தில் பாதி நாள் போடாதவர்கள் ஏராளம், மருத்துவரிடம் போகும் நாளில் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போவார்கள். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் உண்டா? அவை அழுத்தத்தை ஏற்றும், லோசார்டனின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். கூடவே உப்பு. கம்மங்கூழுக்கு மோர்மிளகாய், அரிசிம்பருப்புச் சோற்றுக்கு அப்பளமும் ஊறுகாயும், மாலையில் மிக்சர். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இந்த மோர்மிளகாயையும் சேர்த்துத்தான். ஒன்று சொல்லிவிடுகிறேன்: சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். லோசார்டன் எடுப்பவர், அதுவும் சிறுநீரகம் சந்தேகத்தில் இருப்பவர், மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

பகல் நன்றாக இருந்து இரவு மட்டும் உயர்ந்திருந்தால் குறட்டையைப் பற்றி அம்மாவைக் கேளுங்கள், அப்பாவுக்குத் தெரியாது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இரவு அழுத்தத்துக்குப் பெரிய காரணம். சர்க்கரையும் சிறுநீரக நோயும் இதே வேலையைச் செய்யும்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. மருத்துவர் முன்னால் 160, வெளியே முழு நாளும் 122. இவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரை கூடிக்கொண்டே போகும். மூன்றாவது மாத்திரைக்குப் பிறகு மாலையில் தள்ளாடி விழுவார்கள். இவர்களுக்கு 24 மணி நேரப் பதிவு ஒரு மாத்திரையை மிச்சப்படுத்தும்; வயதானவர்களுக்கு ஓர் இடுப்பு எலும்பை மிச்சப்படுத்தும். பதிவில் மதிய வேளையில் மேல் அளவு நூறுக்குக் கீழே இறங்கி, தாளில் அதே நேரத்தில் 'கிறுகிறுப்பு' என்று எழுதியிருந்தால், அதுவும் மாத்திரையைப் பற்றிய தீர்ப்புதான்.

இரவு மாத்திரை விஷயம். 2019இல் ஸ்பெயினிலிருந்து ஹைஜியா என்ற ஆய்வு வெளிவந்து, படுக்கும் முன் மாத்திரை போட்டால் மாரடைப்பும் பக்கவாதமும் பாதியாகக் குறையும் என்ற அளவுக்குச் சொன்னது. செய்தித்தாள்களில் வந்தது, பலரும் மாற்றிக்கொண்டார்கள். அந்த ஆய்வு நடத்தப்பட்ட விதம் பற்றி வல்லுநர்கள் கடுமையான கேள்விகள் எழுப்பினார்கள். 2022இல் பிரிட்டனில் 21,104 பேரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த டைம் ஆய்வு வெளியானது. காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் வேறுபாடு இல்லை. எனக்கு இரண்டாவதுதான் நம்பத்தகுந்ததாகப்படுகிறது. எந்த நேரத்தில் மறக்காமல் போடுவாரோ அதுவே நல்ல நேரம். பதிவில் விடியற்காலை ஓட்டை தெளிவாகத் தெரிந்து, நீண்டு நிற்கும் மருந்தும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அந்த ஒருவருக்கு இரவு வேளையை முயன்று பார்க்கலாம். மறுபடியும் கருவி மாட்டி அது உதவியதா என்று சரிபார்க்கலாம். அப்பாவின் மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. அதை இரவு பத்து மணிக்குப் போட்டுவிட்டு இரண்டு மணிக்கு இருட்டில் எழுந்து நடப்பது எந்த ஆய்வும் பரிந்துரைக்காத ஆபத்து.

வீட்டில் பி.பி. கருவி இருந்தால் இத்தனை ஏற்பாடு வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. எல்லோருக்கும் வேண்டாம். மேல்கையில் கட்டும் நல்ல கருவியில் ஏழு நாள், காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுத்தால் அதுவே நல்ல மதிப்பீடு, 135/85 எல்லை. ஒரே ஒரு நிபந்தனை: காலை அளவு காபிக்கு முன், மாத்திரைக்கு முன். பெரும்பாலானவர்கள் மாத்திரை போட்டு, டிபன் முடித்து, சாவகாசமாகப் பத்து மணிக்கு அளக்கிறார்கள். அப்படி அளந்தால் மருத்துவமனை அளவின் நகல்தான் வரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து அளக்கும் தன்னார்வலரிடமும் மாத்திரை போட்ட நேரத்தைச் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். வீட்டுக் கருவியால் முடியாதது தூக்கம். எக்கோவிலும் சிறுநீரிலும் பாதிப்பு தெரிந்து, அளவுகள் மட்டும் நன்றாக இருக்கும் உங்கள் அப்பா போன்றவருக்கு அந்தத் தூக்கத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளுக்கு இரண்டு வகைக் கருவியுமே தடுமாறும்; அவர்களைக் கையால் அளந்தும் பார்க்க வேண்டும்.

மருந்து மாற்றினால் மறுவாரமே கருவி கேட்டுப் போக வேண்டாம். முழு விளைவு தெரிய நான்கு வாரம் போல ஆகும். இரண்டாவது முறை மாட்டும்போது முதல்முறை போன்ற ஒரு நாளையே தேர்ந்தெடுங்கள். அறுவடை நாளையும் ஓய்வு நாளையும் ஒப்பிட்டால் மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டு பதிவுகளுக்கு இடையே இரண்டு, மூன்று புள்ளி வேறுபாட்டுக்கு மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். மருந்து மாற்றாமலே அந்த அளவு அசையும். இதற்கிடையில் மேல் அளவு 180, கீழ் அளவு 120 தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் செயலிழப்பு, பார்வை மங்கல் எது வந்தாலும் பதிவு, அறிக்கை எல்லாம் பிறகு, உடனே 108.

கருவியைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் பெரும்பாலும் சராசரிகள் மட்டும் உள்ள ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எல்லா அளவுகளும் நேரத்தோடு இருக்கும் முழு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் மாத்திரை போட்ட நேரத்தையும் தூங்கி எழுந்த நேரத்தையும் பேனாவால் குறித்து, எக்கோ, சிறுநீர் அறிக்கைகளோடு சேர்த்து மருத்துவரிடம் கொடுங்கள். போகும்போது அப்பா போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், மூட்டு வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.